வள்ளத்தின் அடியில் மிஞ்சும் தண்ணீர்

"அடியில கொஞ்சம் தண்ணி கெடக்கட்டும், வள்ளம் ஆடாம நிக்கும்." நெய்யாறு கடலில் விழும் பூவாறு, பொழியூர்ப் பக்கம் என்றில்லை, சிறுவள்ளம் ஓடும் எந்தக் கரையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். சொல்பவர்கள் கண்டது பொய்யல்ல. தண்ணீர் தேங்கிய வள்ளம் மெதுவாகத்தான் ஆடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. உறுதியான வள்ளம் சாய்ந்ததும் வெடுக்கென்று நிமிரும். நிமிரும் வலு குறையக் குறைய ஆட்டமும் சோம்பலாகிவிடும்.

பாரத்துக்கு வைத்த மணல்மூட்டை வைத்த இடத்திலேயே இருக்கும். தண்ணீர் அப்படி இருக்காது. வள்ளம் சாயும் பக்கமே ஓடிப்போய்ச் சாய்வைக் கூட்டும். ஆழத்தைவிட அது பரவும் அகலம்தான் கேடு: அகலம் இரண்டு மடங்கானால் கேடு எட்டு மடங்கு. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் ஐந்து சென்டிமீட்டர் தேங்கினாலே நூறு லிட்டர், அதாவது நூறு கிலோவுக்கு மேல். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஜீப்ரூக் துறைமுகத்தை விட்டு முன்கதவை மூடாமலே புறப்பட்ட 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' கப்பலைக் கவிழ்த்ததும் வண்டித்தளத்தில் ஏறி ஒரு பக்கமாக ஓடிய தண்ணீர்தான். 193 பேர் இறந்தார்கள். அத்தனை பெரிய கப்பலுக்கே அந்தக் கதி என்றால் நம் வள்ளம் எம்மாத்திரம்?

ஓஸைப் போட்டு வாயால் உறிஞ்சிவிட்டால் தண்ணீர் தானாக வெளியேறும் என்பது இன்னொரு நம்பிக்கை. கரையேற்றிய வள்ளத்தில் அது நடக்கும். மிதக்கும் வள்ளத்தில் அடித்தண்ணீரின் மட்டம் வெளி நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், அதே ஓஸ் வழியாக வெளித் தண்ணீர் உள்ளே வரும். ஓட்டத்தில் வடிகால் ஓட்டையின் அடைப்பானைப் பிடுங்கினால் வடிந்துவிடும் என்பதும் நல்ல வேகம் இருக்கும்வரைதான். இன்ஜின் நின்றால் நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே இருக்கும் இரண்டரை சென்டிமீட்டர் ஓட்டை, நிமிடத்துக்கு நாற்பது லிட்டர் அளவுக்கு உள்ளே விடும்.

மரத்துக்குத் தண்ணீர் நல்லது என்பதில் பாதி உண்மை உண்டு. பலகை வள்ளம் வெயிலில் காய்ந்தால் இணைப்புகள் விரியும், நனைந்தால் ஊறி அடையும். உப்புநீர் பூஞ்சையையும் ஓரளவு தடுக்கும். மழைத்தண்ணீர் அப்படியல்ல, அது மரத்தை உளுக்கச் செய்யும். 1980களில் இந்தக் கரைகளில் பரவிய பிளைவுட் வள்ளங்களில் வெட்டுமுனை வழியாகவும் திருகாணித் துளை வழியாகவும் நீர் புகுந்து அடுக்கு அடுக்காகப் பிரித்துவிடும்.

எனக்கு அதிகக் கவலை தருவது கரையில் சும்மா கிடக்கும் வள்ளம். கடல் கொந்தளிக்கும் மழைக்காலத்தில் ஏற்றி வைத்த வள்ளங்களில் மழைநீர் தேங்குகிறது. "உப்பு கலந்த தண்ணில கொசு வராது" என்று விட்டுவிடுகிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுப் புழுக்கள், லிட்டருக்குக் கிட்டத்தட்ட 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் வளர்வதை இலங்கையிலும் புருனேயிலும் நடந்த ஆய்வு 2011இல் காட்டியது. கடல்நீரில் உப்பு 35 கிராம் அளவில் இருக்கும். பாதிக்குப் பாதி மழைநீர் கலந்தாலே 17 கிராமுக்கு இறங்கிவிடும். இன்னும் ஒரு மழை பெய்தால் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும்.

அடித்தண்ணீரில் மண்ணெண்ணெய் மிதந்தால் சோப்புத்தூள் போட்டுக் கலக்கி ஊற்றுகிறவர்களும் உண்டு. கண்ணுக்கு எண்ணெய் மறைகிறதே தவிர, சிறு துளிகளாகிப் பொழிமுகத்து மீன்குஞ்சுகளிடம்தான் போய்ச் சேர்கிறது. இலவம்பஞ்சு எண்ணெயை உறிஞ்சும், தண்ணீரை ஒட்டவிடாது. பழைய தலையணைப் பஞ்சை ஒரு வலைத்துண்டில் கட்டி மிதக்கவிட்டு எண்ணெயை முதலில் எடுத்துவிடுங்கள். எண்ணெயில் நனைந்த பஞ்சு தீப்பிடிக்கும், அடுப்படிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

பிறகு கோருங்கள். பம்ப் எவ்வளவு நல்லதானாலும் ஒரு விரற்கடைத் தண்ணீரை விட்டுவைக்கும், நிறுத்தியதும் ஓஸில் நின்ற தண்ணீரும் திரும்பி இறங்கும். அணியத்தைத் தூக்கி வைத்தால் மிச்சம் பின்பக்கம் சேரும். வெட்டிய பிளாஸ்டிக் கேனால் முடிந்த அளவு கோரி, கடைசியை ஸ்பாஞ்சாலோ பழந்துணியாலோ ஒற்றியெடுக்க வேண்டும். கரையில் கிடப்பதென்றால் அடைப்பானைக் கழற்றி வைத்துவிடலாம், சின்ன வள்ளத்தைக் கவிழ்த்தே போடலாம். வாரம் ஒருமுறை உட்பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஏடிஸ் முட்டை அங்கே ஒட்டிக்கொண்டு, தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.