வானில் ஓடிய விண்மீன்கள்

தென் சைபீரியாவின் மலைநாட்டில் தோன்றி, யெனிசெய் என்னும் பேராற்றோடு கலப்பது அபக்கான் ஆறு. அதன் தலைப்பகுதியில் தைகா எனப்படும் பெருங்காடு மலைச்சரிவுகளை மூடிக் கிடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி ஆங்கு உறைபனியின் ஆட்சியே நடைபெறும். 1978ஆம் ஆண்டுக் கோடையில், நிலவியல் ஆய்வாளர் சிலரை இறக்குதற்கு ஏற்ற இடம் தேடி ஒரு ஹெலிகாப்டர் அக்காட்டின்மேல் பறந்தது. அதனை ஓட்டியவர் மலைச்சரிவொன்றில் வரிவரியாக வகுக்கப்பட்ட பாத்திகளைக் கண்டார். மிக அண்மையிலிருந்த ஊரோ ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஆளரவமற்ற அவ்விடத்தில் பயிரிட்டவர் யாவர்?

ஆய்வாளர்கள் மலையேறிச் சென்று பார்த்தனர். புகையேறிக் கருத்த சிறு மரக்குடில் ஒன்று நின்றது. அதிலிருந்து கோணியனைய முரட்டுத் துணியில் ஒட்டுப்போட்ட சட்டை அணிந்த முதியவர் ஒருவர் வெளியே வந்தார். அவர் பெயர் கார்ப் லிக்கோவ். அவருடைய மக்கள் நால்வரும் அவரோடு வாழ்ந்தனர். உருசியத் திருச்சபையில் பதினேழாம் நூற்றாண்டில் புகுத்தப்பட்ட மாற்றங்களை ஏற்க மறுத்துப் பிரிந்த பழைய நம்பிக்கையினர் என்னும் பிரிவைச் சேர்ந்தது அக்குடும்பம். 1936ஆம் ஆண்டில் கார்ப் வயலில் உழைத்துக்கொண்டிருந்தபொழுது, அவருடைய உடன்பிறந்தான் அரசின் காவற்படையினரால் அவர் கண்ணெதிரே சுடப்பட்டு மாண்டான். கார்ப் தம் மனைவி அக்குலினாவையும், சாவின், நத்தாலியா என்னும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு காட்டுக்குள் புகுந்தார். ஆண்டுதோறும் மேலும் மேலும் உள்ளே சென்றார். திமீத்ரியும் அகாஃபியாவும் காட்டிலேயே பிறந்தவர்கள். தம் குடும்பத்தாரையன்றி வேறு மனிதரை அவ்விருவரும் அதுவரை கண்டதில்லை. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் முடிந்ததும் அக்குடிலுக்கு எட்டவில்லை.

அவர்களுடைய வாழ்க்கை எத்துணைக் கடுமையானது என்பதை அறிந்தாலன்றிப் பின்னர் நிகழ்ந்தவை நமக்கு விளங்கா. சணல் பயிரிட்டு, நூல் நூற்று, ஆடை நெய்துகொண்டனர். கொண்டுவந்த இரும்புப் பாத்திரங்கள் துருவேறி அழிந்தன. அதன்பின் பிர்ச்சு மரப்பட்டையால் கலங்கள் செய்தனர். அவற்றை அடுப்பில் ஏற்ற இயலாது. துப்பாக்கியோ வில்லோ இல்லாமையால், திமீத்ரி குழிவெட்டி விலங்குகளைப் பிடிப்பான். சிலவேளை அவை களைத்து விழும்வரை மலைமலையாகத் துரத்துவான். ஓர் ஆண்டு ஜூன் மாதத்தில் பெய்த பனி பயிரையெல்லாம் அழித்தது. தோலையும் மரப்பட்டையையும் உண்ணும் நிலை வந்தது. தம் பங்கு உணவையும் மக்களுக்கே ஈந்த அக்குலினா அப்பஞ்சத்தில் பசியால் மாண்டார். பனி விலகியபின் பட்டாணிப் பாத்தியின் நடுவே புல் இனத்தைச் சேர்ந்த ரை என்னும் தானியத்தின் ஒரே ஒரு முளை தலைகாட்டியது. அதனைச் சுற்றி வேலியிட்டு, எலியும் அணிலும் அணுகாவண்ணம் இரவும் பகலும் காத்தனர். அது விளைந்தபொழுது கிடைத்தவை 18 மணிகள். அவற்றிலிருந்தே மீண்டும் தானியப் பயிரைப் பெருக்கினர்.

இத்தகையோரிடம் ஆய்வாளர்கள் புதிய உலகைப் பற்றிப் பேசத் தொடங்கினர். விண்வெளிச் செலவைப் பற்றிக் கூறினால் முதியவர் திகைத்துப் போவார் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்தது வேறு. செயற்கைக்கோளைப் பற்றிய செய்தியைக் கார்ப் விரைவில் ஏற்றுக்கொண்டார். 1950களிலிருந்தே சில விண்மீன்கள் வானில் விரைந்து ஓடுவதை அக்குடும்பத்தினர் கண்டிருந்தனர். மனிதர் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்து, விண்மீன்போன்ற நெருப்புகளை மேலே அனுப்புகிறார்கள் என்று கார்ப் தாமே ஒரு விளக்கமும் வகுத்திருந்தார்.

இவ்விளக்கம் உண்மைக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டது! முதற் செயற்கைக்கோளாகிய ஸ்புட்னிக்கைச் சோவியத்து நாடு 1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஏவியது. 58 சென்டிமீட்டர் குறுக்களவும் 83.6 கிலோகிராம் எடையும் உடைய அவ்வுருண்டை, ஏறத்தாழ 96 நிமிடங்களுக்கு ஒருமுறை உலகைச் சுற்றியது. அதன்பின் பற்பல கோள்கள் தொடர்ந்தன. கோள்கள் வானில் எரிவதில்லை. அவற்றுக்குத் தம் ஒளியும் இல்லை. மாலையில் நிலத்தில் இருள் சூழ்ந்த பின்னும் மிக உயரத்தில் கதிரவன் ஒளி படுகிறது. அவ்வொளியைத் திருப்பி வீசுவதால் அவை ஊரும் விண்மீன்களாகத் தோன்றுகின்றன. கார்ப் பிழைத்தது நெருப்பு என்ற ஒரு சொல்லில்தான். எழுத்துக்கூட்டிப் பழைய சமய நூல்களை மட்டுமே படித்த ஒருவர், செய்தித்தாளின் உதவியின்றி, கண்ணால் கண்டதைக்கொண்டே இம்முடிவுக்கு வந்தார் என்பது சிறிய செய்தியன்று.

ஆயின், 1969ஆம் ஆண்டு ஜூலையில் மனிதர் நிலவில் கால்வைத்தனர் என்பதை மட்டும் அவர் நம்ப உறுதியாக மறுத்துவிட்டார். இதனைக் கேட்டு நகைத்தல் எளிது. ஓடும் விண்மீனை அவர் கண்டார்; நிலவில் நடந்த மனிதனைக் கண்டாரல்லர். கண்டதற்குக் காரணம் சொன்னால் அவர் உள்ளம் பற்றிக்கொண்டது. காணாததைச் சொன்னால் அதனைப் பற்றுதற்கு அவரிடம் ஒரு கொம்பும் இல்லை.

அவரைப் பெருவியப்பில் ஆழ்த்தியது செயற்கைக்கோளன்று. செல்லோஃபேன் தாளாலாகிய ஓர் உறை! கண்ணாடிபோல் மறுபுறம் தெரிகிறது. ஆனால் கையிற் கசக்கினால் மடங்குகிறது, உடைவதில்லை. இதனை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாம் பொருளை எடுத்துக்கொண்டு உறையைக் குப்பையில் எறிகின்றோம். அவருக்கோ கண்ணாடி இன்னதென்று தெரியும். அது உடையும் என்பதும் தெரியும். அந்த அறிவே வியப்புக்கு அடிப்படையாயிற்று. உண்மைச் செல்லோஃபேன் மரக்கூழிலிருந்து செய்யப்படுவது. உருசியர் தம் பேச்சில் பாலித்தீன் உறையையும் அப்பெயராலேயே வழங்குவர் ஆதலின், கார்ப் கையிலிருந்தது எதுவென்று அறுதியிட வேண்டுவதில்லை.

திமீத்ரியின் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொன்று. குடும்பத்தின் அடுப்பைக் கட்டியவனும், மரப்பட்டைக் கலங்களைச் செய்தவனும், விறகு வெட்டிச் சேர்ப்பவனும் அவனே. ஆய்வாளர்தம் முகாமில் வட்ட வாளால் மரமறுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஒரு மரத்துண்டைப் பலகையாக்கத் திமீத்ரிக்கு ஓரிரு நாள் உழைப்பு வேண்டும். அத்தகைய துண்டு அவன் கண்முன்னே சற்று நேரத்தில் ஒழுங்கான பலகைகளாக மாறியது. அவன் பலகையின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்து நன்று என்றான். அவனுக்கு எவரும் நெடிய விளக்கம் கூற வேண்டியிருக்கவில்லை. அந்த இயந்திரம் எத்தனை நாள் உழைப்பை மிச்சப்படுத்தும் என்பதை முகாமிலிருந்த எவரையும்விட அவனது தோள்கள் நன்கறியும்.

முகாமிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியும் அக்குடும்பத்தாரை விடவில்லை. முதியவர் அதன் எதிரே சென்று அமர்ந்துவிடுவார். அகாஃபியா கதவின் பின்னிருந்து தலைநீட்டிப் பார்ப்பாள். பார்த்தது பாவமென்று அஞ்சி உடனே சிலுவைக் குறியிட்டு முணுமுணுத்து வேண்டுவாள். முதியவர் எல்லாம் பார்த்து முடித்தபின், ஒரேயடியாக நெடுநேரம் வேண்டுதல் செய்வார்.

புதுப்பொருள்களை அவர்கள் ஏற்றதிலும் ஒரு முறை இருந்தது. தொடக்கத்தில் உப்பு ஒன்றையே பெற்றுக்கொண்டனர். நாற்பதாண்டு உப்பின்றி வாழ்ந்தது பெருந்துன்பமாக இருந்ததென்று கார்ப் கூறினார். பிறகு கத்தி, தானியம், தாள், எழுதுகோல், மின்கைவிளக்கு ஆகியவை குடிலுக்குள் புகுந்தன. தீக்குச்சியைப் பாவமென்று தள்ளிச் சக்கிமுக்கிக் கல்லிலேயே நெருப்பெடுத்தனர். எது புகலாம், எது புகலாகாது என்பதற்குரிய கோடு அவர்தம் சமயக் கொள்கையால் வரையப்பட்டது. ஒரு பொருளின் பயனை விளங்கிக்கொள்வது வேறு. அதனை ஏற்பது வேறு.

இவ்வேறுபாடு 1981ஆம் ஆண்டில் கொடிய வடிவில் வெளிப்பட்டது. திமீத்ரி நுரையீரற் காய்ச்சலால் படுத்தான். ஹெலிகாப்டரை வரவழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதாக ஆய்வாளர்கள் மன்றாடினர். வட்ட வாளின் அருமையை ஒரு நொடியில் உணர்ந்த திமீத்ரி இதற்கு இசையவில்லை. மனிதன் கடவுள் அளித்த காலம்வரையே வாழ்வான். தமக்கு அது தகாது என்று மெல்லிய குரலில் மறுத்துவிட்டான். அவ்வாண்டு இறுதிக்குள் அவனும் சாவினும் நத்தாலியாவும் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். அன்புடன் உதவ வந்தோர்க்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாது போயிற்று.

1982ஆம் ஆண்டு முதல் வசீலி பெஸ்கோவ் என்னும் செய்தியாளர் கம்சமோல்ஸ்கயா பிராவ்தா என்னும் நாளிதழில் இக்குடும்பத்தைப் பற்றி எழுதினார். நாடு முழுவதும் இவர்களை அறிந்தது. பின்னர் அகாஃபியா அரசின் செலவில் ஒரு திங்கள் நாட்டைச் சுற்றிப் பார்த்தாள். குதிரை, மோட்டார் வண்டி, பணம் ஆகியவற்றை அவள் முதன்முதல் கண்டது அப்பயணத்தில்தான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் காட்டுக்கே திரும்பினாள். கார்ப் 1988ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், தம் மனைவி மறைந்து சரியாக 27 ஆண்டுகள் நிறைந்த அன்று, உறக்கத்தில் உயிர் நீத்தார். அகாஃபியா தனியே அங்கு வாழலானாள்.

2016ஆம் ஆண்டு ஜனவரியில், எழுபதைக் கடந்த அம்மூதாட்டியின் காலில் கடும் நோவு கண்டது. அவசர வேளைக்கென்று அவரிடம் ஒரு தொலைபேசி கொடுக்கப்பட்டிருந்தது. கம்பியும் கம்பமும் இல்லாத அக்காட்டில், அது செயற்கைக்கோளின் வழியே பேச்சைக் கடத்தும் கருவி. தந்தையும் மக்களும் குடில் வாயிலில் நின்று அண்ணாந்து பார்த்த விண்மீன்களின் இனத்தைச் சேர்ந்த ஒன்றன் துணையால், அகாஃபியா வெளியுலகை அழைத்தார். ஹெலிகாப்டர் வந்தது. அவர் மறுக்காது அதில் ஏறித் தஷ்தகோல் நகரத்து மருத்துவமனைக்குச் சென்றார். கால் தேறியதும் குடிலுக்கு மீண்டார்.