ஜமுனாமரத்தூர்த் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சென்னைக்கு வந்து டிவி சமையல் நிகழ்ச்சிக்கு முயற்சி பண்ணலாமா, இல்லை ஜவ்வாது மலையிலேயே சின்னதாய் ஓட்டல் போடலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டையும் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது உனக்கு விவரம் தெரியாத வயசு.

ஜேக்கப் சகாயகுமார் அருணி. தேனிப் பக்கம் உத்தமபாளையத்துக்காரர்; மதுரையில் கேட்டரிங் படித்தவர். சன் டிவியின் 'ஆஹா என்ன ருசி' அவரை வீட்டு மனுஷராக்கியது. பிறகு சென்னையில் தன் பெயரிலேயே ஜேக்கப்ஸ் கிச்சன். 2012 நவம்பர் 4ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார். வயது 38.

பெரிய ஓட்டல்களில் தமிழ்ச் சாப்பாடு என்றால் இட்லி, தோசை, ஒரு செட்டிநாட்டுக் கோழி என்று முடிந்துபோன காலத்தில், கொங்கு நாட்டுக்கும் தென் மாவட்டங்களுக்கும் போய் வீட்டுச் சமையலைத் தேடியவர் அவர். கேமரா முன்னால் நின்றபோது சொல்வதற்கு அவரிடம் சரக்கு இருந்தது. சிரிப்பும் பேச்சும் எல்லோருக்கும் வந்துவிடும். நூறாவது எபிசோடில் என்ன சொல்வாய் என்பதுதான் கேள்வி.

உன் சரக்கு உன் வீட்டிலேயே இருக்கிறது. சாமையை வைத்து நூடுல்ஸும் கேக்கும் செய்யப்போவதாக எழுதியிருந்தாய். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து அதைச் செய்யாதவர் யார்? முதலில் உன் ஆத்தாவிடம் உட்கார். உமி நீக்க எத்தனை தரம் குத்துகிறார், கல் எப்படி அரிக்கிறார், புதுச் சாமைக்கும் பழசுக்கும் உலைத் தண்ணீர் எவ்வளவு மாறுகிறது என்று நோட்டில் எழுது. தவிடு போகத் தீட்டிய கடைச் சாமை சீக்கிரம் வேகும், வெள்ளையாய் இருக்கும். தீட்டாதது வேக நேரமாகும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாளானால் சிக்கு வாடை வந்துவிடும். அதனால் மொத்தமாய் அரைத்து அடுக்கிவைக்காதே, வாராவாரம் அரைத்து வாங்கு. இதை ஒரு மலைக்காரன் சொன்னால் டிவியில் கேட்பார்கள்.

இப்போது கசப்பான பக்கம். ஷூட்டிங்கில் எல்லாம் அளந்து கிண்ணத்தில் இருக்கும். முன்பே வெந்த சட்டி ஒன்று பின்னால் காத்திருக்கும். ஒரே நாளில் நாலைந்து எபிசோட் முடித்துவிடுவார்கள். ஓட்டலில் ஹெல்பர் வரமாட்டான், சிலிண்டர் தீரும், மழை பெய்தால் மலைக்கு யாரும் ஏற மாட்டார்கள், ஆக்கிய சோறு மட்டும் அப்படியே இருக்கும். டிவியில் முகம் பார்த்து வருகிறவர் ஒருமுறைதான் வருவார். செஃப் தாமு 2010இல் 24 மணி நேரம் தொடர்ந்து சமைத்து கின்னஸில் இடம்பிடித்தார்; ஊரே பேசியது. தினமும் பதினான்கு மணி நேரம் அடுப்படியில் நிற்கிற மாஸ்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஓட்டல் போட்டால் நீ அந்த மாஸ்டர்தான். வாரத்தில் ஒருநாள் கடையை மூடு. நேரத்துக்குச் சாப்பிடு, சமையல்காரன்தான் கடைசியில் நின்றுகொண்டே அள்ளிப்போடுகிறவன். வருஷத்துக்கு ஒருமுறை உடம்பைச் சோதித்துக்கொள், இளவயசு என்று தள்ளிப்போடாதே.

டிவிக்குச் சென்னைதான் வேண்டும் என்பதும் பழைய கதை. புதுக்கோட்டைச் சின்னவீரமங்கலத்து வயலில் சமைத்தே வில்லேஜ் குக்கிங் சேனல்காரர்கள் 2021இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டார்கள். அந்தச் சேனலில் சமைக்கும் தாத்தா ஏற்கெனவே சமையல் தொழில் செய்தவர் என்பதை மட்டும் மறக்காதே.

என் யோசனை: முதலில் ஜமுனாமரத்தூரில் மதியச் சாப்பாடு மட்டும் போடு. சாமைச் சோறு, களி, ஒரு குழம்பு, ஒரு கீரை. செய்முறை சொல்லித்தந்த பெண்களுக்குக் காசு கொடு, வெறும் நன்றி போதாது. தினமும் மிச்சமானதை எடைபோட்டு எழுது. ஒரு சாமை அறுவடையிலிருந்து அடுத்ததுவரை தாக்குப்பிடித்தால் கேமராவைப் பற்றிப் பேசலாம்.

கடைக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒப்பந்த நகலை எனக்கு அனுப்பு. தண்ணீர் யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கிறதா, பார்.

அன்புடன்,
அண்ணன்