துட்டும் புளியும்

கடந்த டிசம்பர் விடுமுறையில் காலியில் இருக்கும் சாச்சி வீட்டுக்குப் போனபோது, உம்மும்மாவின் பிஸ்கட் தகரத்துக்குள் கிடந்த ஏழு செப்புக் காசுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். உம்மும்மாவுக்குக் கண்ணில் வெண்புரை. சத்திரசிகிச்சைச் செலவுக்கு என்னால் ஏதாவது உதவ முடியுமா என்ற எண்ணம்தான் காரணம். பழைய காசு என்றால் இலட்சக்கணக்கில் விலைபோகும் என்று வகுப்பில் யாரோ சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன். புறப்படுவதற்கு முந்தைய இரவு, கறுத்துப்போயிருந்த அந்தக் காசுகளைப் புளி போட்டு, சாம்பல் தொட்டு, பாத்திரம் துலக்குவதுபோல் தேய்த்தேன். ஆறு முடிந்து ஏழாவதைக் கையில் எடுத்தபோது கரண்ட் போய்விட்டது.

கோட்டைக்குள் ஓர் ஒடுங்கிய தெருவில் அந்தக் கடை இருந்தது. சாச்சாவுக்குத் தெரிந்த வயதான ஒருவர் நடத்துகிறார். கண்ணாடிப் பெட்டிகளில் பழைய விளக்கு, பீங்கான், கடிகாரம். ஒரு மூலையில் மட்டும் நாணயங்கள். நான் துணியை விரித்துக் காசுகளைப் பெருமையோடு வைத்தேன். அவர் ஆறையும் ஒதுக்கிவிட்டு, கறுப்பாக இருந்த ஏழாவதை மட்டும் கையில் எடுத்தார்.

"மகள், மத்ததையெல்லாம் ஆரு தேச்ச?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து பல ஆண்டுகளாகத் தன்மேல் ஒரு மெல்லிய படையை உண்டாக்கிக்கொள்கிறது. நாம் அழுக்கு என்று நினைப்பது அதைத்தான். அந்தப் படை உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. காசு நிஜமாகவே பழையது என்பதற்கு ஓர் அடையாளமும் அதுதான். புளியில் உள்ள அமிலம் அதைக் கரைத்துவிடும். சாம்பலோ எழுத்துகளின் மேடான பகுதிகளை உராய்ந்து தேய்த்துவிடும். இரசாயனம் படிக்கும் தோழியருக்கு இது புதிதாக இருக்காது. கலைப் பிரிவில் இருக்கும் எனக்கு அன்றுதான் புரிந்தது.

பிறகு அவர் உருப்பெருக்கியைத் தந்து, கறுப்புக் காசைப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கத்தில் வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை அது. அதன் கீழே ஆண்டு. மறு பக்கத்தில், அலைகளுக்கு மேலே பாதி உடம்பைக் காட்டி எழும் ஒரு சிங்கம். அது சீலாந்து மாகாணத்தின் சின்னம் என்றார். ஒல்லாந்தர் 1640இல் காலியைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, 1796இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இங்கே புழங்கிய இந்தச் செப்புக் காசின் பெயர் 'டொய்ட்'. நாம் பேச்சில் சொல்லும் 'துட்டு' அதிலிருந்து வந்ததுதான். கையில் துட்டில்லை என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சொல்லின் தாய்க்காசு எங்கள் வீட்டுத் தகரத்துக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

என் ஏழு காசில் ஐந்து இவ்வகை. மற்ற இரண்டும் விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த சதங்கள், பின்புறம் தாளிப்பனை மரம். ஆங்கிலேயர் முதலில் ரிக்ஸ் டொலர் என்ற கணக்கை வைத்திருந்தார்கள். ஒரு ரிக்ஸ் டொலருக்கு 48 ஸ்டைவர். நூறு சதம் ஒரு ரூபாய் என்ற இன்றைய கணக்கு 1872இல்தான் நடைமுறைக்கு வந்தது.

விலை? வயதைப் பார்த்து விலை சொல்வதில்லை என்றார் அவர். எத்தனை மிச்சமிருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்பதே கேள்வி. துட்டுகள் ஏராளமாக அடிக்கப்பட்டவை, இன்றும் தோட்டம் கொத்தும்போது அகப்படுபவை. அவர் சொன்ன தொகை எங்கள் பஸ் கட்டணத்துக்கு வேண்டுமானால் போதும். துலக்கிய ஆறுக்கும் அதுவும் இல்லை.

என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, விற்பனைக்கு இல்லாத இரண்டை எடுத்துக் காட்டினார். ஒன்று வளைந்த வெள்ளிக் கம்பி. தூண்டில் முள் என்றே நினைத்தேன். அதுவும் காசாம்! பெயர் லாரின். பாரசீகத்தின் லார் என்ற ஊரின் பெயரால் வந்தது. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இந்து சமுத்திர வணிகத்தோடு நம் கரைக்கு வந்து புழங்கியிருக்கிறது. மற்றது பொலன்னறுவைக் காலத்துச் சிறிய செப்புக் காசு. ஒரு புறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்து. முதலாம் இராசராச சோழனின் காசைப் பார்த்து அமைத்த பாணி அது. எழுத்தைக் கூட்டி வாசித்துக் காட்டினார்: ஸ்ரீ ராஜ லீலாவதி. முதலாம் பராக்கிரமபாகுவின் மனைவி, பிறகு மூன்று தடவை அரியணை ஏறியவர். காசில் 'ராணி' என்று போடவில்லை, 'ராஜ' என்றே போட்டிருக்கிறார். வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோன பெயர், அங்கே என் விரல் நகத்துக்குக் கிட்டத்தில் இருந்தது. நான் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சாச்சாதான் அஸருக்கு நேரமாகிறது என்று எழுப்பினார்.

வீடு திரும்பி உம்மும்மாவிடம் காசுகளைக் கொடுத்தேன். விற்கவில்லை என்று மட்டும் சொன்னேன். மாமாமார் சத்திரசிகிச்சைக்கு ஏற்கெனவே பணம் சேர்த்துவிட்டார்களாம், எனக்குத்தான் தெரியாது. உம்மும்மா பாயில் இருந்தபடி காசுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தா. ஆறைப் பேசாமல் மடியில் வைத்தா. ஏழாவதில் விரல் நின்றது.

"இதுதான் எங்கட வாப்பா தந்த மாதிரி ஈக்கி" என்றா. "மத்ததெல்லாம் ஏன்மா வழுக்குது?"

பக்கத்தில் உட்கார்ந்து, புளியிலிருந்து தொடங்கிச் சொல்ல ஆரம்பித்தேன்.