அந்த மூன்றில் ஒரு பங்கு

மன்னார்குடி,
10.5.2024

அன்புள்ள தம்பிக்கு,

இந்த 31-ஆம் தேதியோடு உனக்குப் பணி நிறைவு. மாலையும் பிரிவுபசாரமும் முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் காசு கேட்டு உன் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பான், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

மூன்று நான்கு மாதக் குடும்பச் செலவுக்குத் தனியாக எடுத்து வை. பென்ஷன் ஆணை வந்து, கருவூல நேர்காணல் முடிந்து, எனக்கு முதல் பென்ஷன் ஏற நாலு மாதம் ஆயிற்று. 33 வருஷம் சம்பளம் வாங்கியவள் அந்த ஆடியில் வளையலை அடகு வைத்தேன்.

கம்யூடேஷன் தொகையைப் பார்த்தால் அரசாங்கம் அள்ளிக் கொடுத்ததுபோல் இருக்கும். அது உன் பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை நீயே முன்கூட்டி விற்ற காசு. கடைசி அடிப்படைச் சம்பளம் 90,000 என்றால் பென்ஷன் 45,000. அதில் 15,000-ஐ விற்றால், மாதம் கைக்கு வருவது 30,000-மும் அகவிலைப்படியும்தான். (அகவிலைப்படியை மட்டும் முழு 45,000-க்கும் போடுவார்கள்.) விற்ற பங்கு திரும்ப 15 வருஷம் ஆகும். 2009-இல் ஓய்வு பெற்ற எனக்கு இந்த வருஷக் கடைசியில்தான் திரும்புகிறது.

எனக்கு வந்த கம்யூடேஷன் காசை வாங்கிப் போனவன் திரும்பவில்லை. "டீச்சர், எட்டாவதிலே குட்டினீங்களே, ஞாபகமிருக்கா?" என்று காலைத் தொட்டான். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றான். மூன்று லட்சம் கொடுத்தேன். எட்டு மாதம் வட்டி வந்தது, ஒன்பதாம் மாதம் அவன் கடையில் பூட்டு. தனிவட்டிக் கணக்கை வருஷா வருஷம் கரும்பலகையில் போட்டவள், இவன் எங்கே சம்பாதித்து இவ்வளவு தருவான் என்று கேட்கவில்லை.

உனக்கு 60 ஆகிவிட்டது. தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 30 லட்சம் வரை போடலாம், இப்போது வட்டி 8.2 சதவீதம். 15 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும். வங்கியில் போட்டால் ஒரே வங்கியில் குவிக்காதே. ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு.

மகன் வீடு கட்டக் கேட்பான். கொடு, ஆனால் ஒரு வருஷம் கழித்து. பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று உன் மனைவிக்கும் தெரியட்டும்.

எனக்குத் திரும்பப்போவது மாதம் 3,400 ரூபாய். இன்னும் வரவில்லை. அதை நம்பி கோ-ஆப்டெக்ஸில் உனக்கு ஒரு பட்டுக்கரை வேட்டி எடுத்துவிட்டேன். விழாவுக்குக் கட்டிக்கொள்.

அன்புடன்,
அக்கா