யானை பார்க்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "கல்வராயன்மலையில யானை இருக்கா ஐயா?" என்பதுதான். நிலையாகத் தங்கி வாழும் கூட்டம் அங்கே கிடையாது. 2015இல் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் வயல்களில் திரிந்த ஆறு காட்டு யானைகளைக் கும்கிகளை வைத்துப் பிடித்துக் கொண்டுபோனார்கள். அப்போது நம் ஊர் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. யானைக்கு வெளியூர் போய்த்தான் ஆக வேண்டும். பறவைக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. பறவையிடம் பாடம் படித்துவிட்டு யானையிடம் போங்கள்.

1. கோமுகி அணையில் தொடங்குங்கள். கச்சிராயபாளையம் தாண்டி அணைக்கரையில் விடியும்போது நில்லுங்கள். கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, செங்குத்தாக விழும். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். இந்த இரண்டையும் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பாருங்கள். புதுப் பறவை தேடி ஓடவேண்டாம். பிறகு கல்வராயன்மலை மேலே போகிற வெள்ளிமலை பஸ்ஸில் ஏறுங்கள். ஐப்பசிக்கு மேல் ஓடையோரப் பாறைகளில் சாம்பல் வாலாட்டி வந்திருக்கும். மரத்தடிப் புதர்களில், உதிர்ந்த சருகைக் கிளறிக்கொண்டு ஆறுமணிக்குருவி இருக்கும். இமயமலை அடிவாரத்திலிருந்து குளிர்காலத்துக்காக நம்மிடம் வருகிற பறவை அது. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுக்கும். குரலைக் கேட்ட பக்கம் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தால் அதுவே வெளியே வரும்.

2. பைனாகுலர் வாங்கினால் 8×42 வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது; 42 என்பது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்காகும், படம் நிற்காது. கேமராவை முதல் வருஷம் வாங்கவே வேண்டாம்.

3. இனி சொல்வதுதான் எனக்கு முக்கியம். நீங்கள் வந்ததால் ஒரு பறவை இரை தேடுவதை நிறுத்தினால், தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். இரண்டடி பின்னால் வாருங்கள். அது மறுபடி குனிந்து மேயத் தொடங்குகிற இடமே நீங்கள் நிற்கவேண்டிய இடம். எத்தனை மீட்டர் என்று எந்தப் புத்தகமும் சொல்லமுடியாது, அந்த உயிர்தான் சொல்லும். கொக்கு சொல்வதைக் கவனிக்கப் பழகாதவர்கள் யானை சொல்வதையும் கவனிக்கமாட்டார்கள். மூன்று டன் எடையுள்ள உயிரிடம் அந்தப் பாடத்தை முதன்முதலாகப் படிக்கக்கூடாது. போனில் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இதே குற்றம்தான். எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நம்பி, இரையை விட்டு அது அலைகிறது. கூட்டின் பக்கம் போகவே போகாதீர்கள். நீங்கள் நின்ற இடத்தைக் காக்கை கவனித்துக்கொண்டிருக்கும்.

4. மலையில் இருக்கிறவர்களைக் கேட்காமல் எங்கும் நுழையாதீர்கள். சாமையும் மரவள்ளியும் போடுகிற மலையாளிப் பழங்குடி மக்களுக்கு எந்த அத்தியில் எப்போது பழம், எந்தப் பறவை எப்போது வரும் என்பதெல்லாம் மனப்பாடம். கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் கொடுங்கள். கவுதாரிக் கறி என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் வாங்காதீர்கள். 1972ஆம் வருஷத்து வனவுயிர்ச் சட்டப்படி அது குற்றம். அதைவிட, நீங்கள் பார்க்க வந்ததையே தின்றுவிட்டுப் போவது என்ன நியாயம்? இருட்டிய பிறகு வயல் வழியாக நடக்கவே கூடாது. காட்டுப்பன்றிக்கு என்று திருட்டுத்தனமாக மின்வேலி போடுகிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன.

5. யானைக்கு முதல் பயணமாக சத்தியமங்கலம் போங்கள். சேலம், ஈரோடு வழியாகப் போய், பண்ணாரி, திம்பம், ஆசனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருங்கள். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு ஏறினதும் காடு இருபுறமும் வந்துவிடும். காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் யானைகள் கரும்பு லாரிக்காகச் சாலையில் நிற்பதைப் பார்க்கலாம். கரும்பு விளைவிக்கும் ஊர்க்காரர்கள் நாம், அதனால் இதைச் சொல்லியாக வேண்டும்: லாரிக்காரர் இரக்கப்பட்டு எறிகிற ஒரு கட்டுக் கரும்பு அந்த யானையைச் சாலையிலேயே நிற்கப் பழக்கிவிடுகிறது. ஒருநாள் வண்டியில் அடிபடும், அல்லது ஒரு மனிதரை அடித்துவிட்டுப் பிடிபடும். வாழைப்பழம் கூடப் போடாதீர்கள். சொந்த வண்டியில் போனால் இறங்காதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள். அந்தச் சாலையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. குறை சொல்லாமல் அதற்கேற்பக் கிளம்புங்கள். அடுத்த பயணமாக முதுமலைக்குப் போனால், அங்கே வனத்துறை வண்டி தெப்பக்காட்டிலிருந்து கிளம்பும்.

6. யானையின் காதைப் பாருங்கள். காது மெல்ல ஆடிக்கொண்டிருந்தால், தும்பிக்கை புல்லைச் சுருட்டி, காலில் தட்டி மண் உதிர்த்து வாய்க்குக் கொண்டுபோனால், அது தன் வேலையில் இருக்கிறது. காது விரிந்து அசைவற்று நின்றால், தும்பிக்கை நுனி உங்கள் பக்கம் உயர்ந்து மோப்பம் பிடித்தால், பேச்சை நிறுத்திவிட்டு விலகுங்கள். குட்டிகள் பெரிய யானைகளின் கால்களுக்கு நடுவே போய்விட்டால் கூட்டம் உங்களைக் கண்டு பயந்திருக்கிறது என்று பொருள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கறுப்பாக நீர் வழிகிற ஆண் யானை மதத்தில் இருக்கலாம். அங்கே நிற்கவே கூடாது. காற்று உங்களிடமிருந்து அதன் பக்கம் வீசுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொய்யாகத் துரத்துகிறதா, மெய்யாகவா என்று நின்று சோதிக்காதீர்கள்.

7. யானைமேல் சவாரி, யானை ஓவியம் வரைதல், யானையோடு குளியல் என்று விற்கிற இடங்களுக்குப் போகாதீர்கள், தாய்லாந்தானாலும் சரி, நம் ஊரானாலும் சரி. காட்டு உயிரை அப்படிப் பணிய வைப்பதற்கு முன்னால் அதற்கு என்ன செய்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

8. காசு சேர்ந்தால் தூரம் போகலாம். கோடையில் கர்நாடகத்தின் கபினி அணை நீர் வற்றிப் புல் முளைக்கும். மார்ச்சிலிருந்து மே வரை யானைகள் கரையில் கூடும். இலங்கையில் மின்னேரியா போனால் ஆகஸ்ட், செப்டம்பரில் போங்கள். மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டிய ஏரி அது. நீர் வடிந்த கரையில் நூற்றுக்கணக்கில் யானைகள் மேயும், நடுவில் நாரைகளும் கூழைக்கடாவும் நிற்கும். பறவையும் யானையும் ஒரே பார்வையில் வேண்டும் என்பவர்களுக்கு அதுபோல் இன்னொரு இடத்தை நான் சொல்லமாட்டேன். ஜீப்புகள் முட்டிக்கொண்டு கிட்டே போகும். "அண்ணே, கிட்டப் போக வேண்டாம், தள்ளியே நிறுத்துங்க" என்று கிளம்பும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் கேட்பதைத்தான் அவர் செய்கிறார், நீங்கள் கேட்டால் தள்ளி நிறுத்துவார். அசாமின் காசிரங்காவை மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள்; குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

9. காட்டுயிர் பற்றி எழுதிய மா. கிருஷ்ணனைப் படியுங்கள். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' கிடைக்கும். பறவைப் பெயர்களுக்கு க. ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்'.

10. எழுதி வையுங்கள். தேதி, நேரம், இடம், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது. கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள், பெயர்ப் பட்டியலை விட அதுதான் உதவும். 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிஷம் ஓரிடத்தில் நின்று எண்ணி இபேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும், உங்கள் ஊர் ஏரியும் கணக்கில் சேரும். பொங்கலுக்கு ஊருக்கு வருகிற அக்கா பிள்ளை, சித்தப்பா பிள்ளை எல்லாரையும் காலையிலேயே ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். பைனாகுலரை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.