வெயிலும் பெருங்குடல் புற்றுநோயும்: ஒரு வகுப்பறை விவாதம்

வைட்டமின் அட்டவணையை நடத்தும்போது, வைட்டமின் டி குறைந்தால் ரிக்கெட்ஸ் என்று எழுதிப்போட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது நம் வழக்கம். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் அந்த வரியிலேயே ஒரு பாடவேளை நின்றேன். இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்பட்டால் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடுமா என்பதைப் பேச அது வாய்ப்பாக அமைந்தது.

1980இல் அமெரிக்காவைச் சேர்ந்த செட்ரிக் கார்லண்ட், ஃபிராங்க் கார்லண்ட் என்ற சகோதரர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அந்நாட்டின் வெயில் குறைந்த வடகிழக்கில் பெருங்குடல் புற்றுநோய் இறப்பு அதிகம். வெயில் மிகுந்த தென்மேற்கில் குறைவு. வெயில் பட்டால் தோலில் உண்டாகும் வைட்டமின் டிதான் காக்கிறதோ என்று அவர்கள் கேட்டனர். இது வெறும் ஊகம் அல்ல. அந்த வைட்டமின் கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து ஹார்மோனாகிறது. அதற்கான ஏற்பிகள் பெருங்குடல் செல்களிலும் உள்ளன. பின்வந்த பல ஆய்வுகளிலும், இரத்தத்தில் வைட்டமின் டி குறைந்தவர்களிடம் இந்நோய் கூடுதலாகவே காணப்பட்டது.

இங்கே நிறுத்தி, "வடக்கிலும் தெற்கிலும் வெயிலைத் தவிர வேறு என்னென்ன மாறும்?" என்று கேட்டேன். சாப்பாடு, உடல் எடை, செய்யும் வேலை என்று பதில்கள் வந்தன. ஒரு மாணவி, "உடம்பு முடியாதவங்க வெளியவே வரமாட்டாங்களே டீச்சர்" என்றாள். நோயே வைட்டமினைக் குறைத்திருக்கலாம் என்பதுதான் அவள் சொன்னது! ஆய்வாளர்களுக்கும் இருக்கும் சந்தேகம் இது.

அப்படியானால் எப்படிச் சோதிப்பது? குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வைட்டமினும் மறு குழுவுக்குப் போலி மாத்திரையும் தரவேண்டும். யாருக்கு எது என்பது தருபவருக்கும் தெரியக்கூடாது. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 36,282 பெண்கள் சராசரியாக 7 ஆண்டுகள் பங்கேற்றனர். தினமும் 400 அலகு வைட்டமின் டியும் கால்சியமும் பெற்ற குழுவில் 168 பேருக்கும், போலி மாத்திரை பெற்ற குழுவில் 154 பேருக்கும் இந்நோய் வந்தது. முடிவைச் சொல்லுமுன் மாணவர்களை ஊகிக்கச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் மாற்றித்தான் சொன்னார்கள். அளவு போதவில்லை என்ற விமர்சனம் எழுந்தது. பின்னர் 25,871 பேரிடம் 2,000 அலகு கொடுத்துப் பார்த்த மற்றோர் ஆய்விலும் புற்றுநோய் வருவது குறையவில்லை.

"எங்கப்பா கொத்தனார் டீச்சர், பூரா நேரமும் வெயில்லதான். அவருக்கு வராதுல்ல?" என்று ஒரு பையன் கேட்டான். வெயிலை நம்பி இருக்க ஆதாரமில்லை என்றேன். மலத்தில் இரத்தம் கண்டாலோ, மலம் கழிக்கும் முறை மாறிச் சில வாரங்கள் நீடித்தாலோ, மூலம் என்று தானே முடிவு செய்யாமல் அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும் என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னேன். இதைச் சொல்லாமல் அந்தப் பாடத்தை முடிப்பது சரியல்ல என்பது என் கருத்து.

கணித ஆசிரியர்கள் 168, 154 இரண்டையும் சதவீதமாக்கச் சொல்லலாம். குழுவுக்கு ஏறத்தாழ 18,000 பேர். ஒரு சதவீதத்தைக்கூட எட்டாத அந்த எண்களைப் பார்த்தபின் வந்த கேள்வி, "ஏழு வருஷம் போதுமா டீச்சர்?" குடலில் தோன்றும் சிறு கட்டி புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டுகள் போல ஆகும் என்று சொல்லி, விவாதத்தை மறுநாளைக்கு வைத்தேன்.