பெயரைப் பார்த்தால் கொள்கை தெரியுமா?

மாணவர்களே, ஒரு வேட்பாளரின் பெயரை மட்டும் சொன்னால் அவருடைய கொள்கையைக் கூற முடியுமா? "முடியாது" என்பீர்கள். ஆனால், நமக்குத் தெரியாமலே நம் மூளை அதை ஊகித்துவிடுகிறது.

1990களில் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், கற்பனை வேட்பாளர்களைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். வேட்பாளர் கறுப்பினத்தவர் என்று சொன்னபோது, அவரை வெள்ளையரைவிட அதிக முற்போக்குவாதி என்று பலர் எண்ணினார்கள். போதிய தகவல் இல்லாதபோது, மூளை இனத்தையே குறுக்குவழியாகக் கொள்கிறது.

வாக்காளர்களையும் நாம் இப்படித்தான் எடைபோடுகிறோம். "தோட்டத்து ஓட்டெல்லாம் அந்தக் கட்சிக்குத்தான்" என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். அது சரியா? ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு வாக்களிப்பு மையத்தில் 100 பேர் வாக்களித்தார்கள். அவர்களில் 60 பேர் ஓர் இனத்தவர். 'அ' கட்சிக்கு விழுந்த ஓட்டும் 60. அப்படியானால் அந்த 60 பேரும் 'அ' கட்சிக்கே போட்டார்களா? அவசியமில்லை. மற்ற 40 பேரும் 'அ' கட்சிக்குப் போட்டிருந்தால், இந்த இனத்தவரின் ஓட்டு வெறும் 20தான். உண்மை 20க்கும் 60க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். கூட்டத்தின் கணக்கை வைத்துத் தனி ஆளைக் கணிப்பது பிழை என்று ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1950இல் எச்சரித்தார்.

நம் கெடாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கூலிம் வட்டாரத்தில் உள்ள லூனாஸ் சட்டமன்றத் தொகுதியில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூவரும் கலந்து வாழ்கிறார்கள். ம.இ.கா. வசம் இருந்த அத்தொகுதியில் 2000 நவம்பர் 29 அன்று இடைத்தேர்தல் நடந்தது. கெஅடிலான் கட்சியின் சைபுடின் நசுத்தியோன் 530 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். அன்வார் விவகாரம், வாவாசான் பள்ளித் திட்டம் எனப் பல பிரச்சினைகள் அப்போது பேசப்பட்டன. ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள் வெவ்வேறு காரணங்களுக்காகப் போட்டிருக்கலாம். ஓட்டு ரகசியமானது, இனக் கணக்கு அந்தக் காரணங்களைக் காட்டாது.

வகுப்பில் செய்து பாருங்கள்: ஒரே உரையை இரண்டு தாள்களில் எழுதி, வெவ்வேறு இனத்தவரின் பெயரை இட்டு, இரு குழுக்களிடம் கொடுங்கள். "பேசியவர் எப்படிப்பட்டவர்?" என்று கேளுங்கள். பதில்கள் வேறுபட்டால் காரணம் பெயராக இருக்கலாம், உரை ஒன்றுதானே!

18 வயதில் நீங்களும் வாக்காளர். அன்று உங்கள் முகத்தைப் பார்த்தே உங்கள் கருத்தை யாராவது முடிவு செய்தால் ஏற்பீர்களா? வேட்பாளரையும் அப்படியே கேட்டறிந்து எடைபோடுங்கள்.